நிழல்வீரன் கொடுத்த பால்மாவு டின்

ஆமாக்கா, நான்தான். அந்த வீடியோவுல வர்ற பொண்ணு நான்தான். நீங்க ஏறினதுலேர்ந்து என் மூஞ்சியையும் பிள்ளை மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்தீங்கள்ல, அப்பவே தெரிஞ்சுபோச்சு. பரவாயில்ல, உக்காருங்க. நான் காலை ஒடுக்கிக்கிறேன், பைய இப்படிக் கீழ வச்சுக்கங்க.

பால்சுறாவா? தெரியும்க்கா. பால்சுறா புட்டு, பூண்டு, முருங்கைக்கீரை, பப்பாளிக்காய்க் கூட்டு. எல்லாம் சொல்லிட்டாக. ரேஷன் கடையில சொன்னாக, கோயில்ல சொன்னாக. ஒருத்தர் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழட்டி, “தங்கச்சி, வெந்தயக் களி சாப்பிடும்மா, நல்லா ஊறும்”னு சொல்லிட்டுப் போனார். முன்ன பின்ன தெரியாத ஆம்பள. ரெண்டு நாள் நான் வாசலுக்கே வரல.

நான் யார்கிட்டயும் பேசுறவ இல்லக்கா. அஞ்சாப்பு வரைக்கும்தான் படிச்சேன். அந்த அஞ்சு வருசமும் பேர் கூப்பிட்டா “உள்ளேன் அய்யா” சொல்ல எனக்கு வாயே வராது. பக்கத்துல இருக்கிறவதான் எனக்கும் சேத்துச் சொல்லுவா. அப்படிப்பட்டவளை நாலு லட்சம் பேர் பாத்திருக்காகளாம். அவன் சொன்னான். பெருமையாச் சொன்னான்.

அவன் இவன்னு சொல்லக் கூடாதா? உங்களுக்குத் தெய்வமா இருக்கலாம்க்கா, வேண்டாங்கல. ஊரே அப்படித்தான் சொல்லுது. நிழல்வீரன். கறுப்பு முகமூடி, முதுகுல சிவப்பு சாட்டின் துணி. அந்தத் துணி என்ன துணின்னு நினைக்கிறீங்க? கல்யாண மண்டபத்து நாற்காலிக்குப் பின்னாடி கட்டுவாக பாருங்க, அது. வண்டி ஓட்டும்போது சக்கரத்துல சிக்கிரும்னு தொடைக்கு அடியில சுருட்டி வச்சுக்குவான். வந்து இறங்கினதும் நேரா உதவி செய்ய மாட்டான். முதல்ல துணியை உதறி விரிச்சுக்கணும், காத்து வர்ற பக்கமா நின்னுக்கணும். குச்சியில போனை மாட்டின ஆள் “ரெடி”ன்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் அவனுக்கு இரக்கம் வரும்.

நீங்க கீரனூர்ல இறங்கிருவீங்களா? நான் திருச்சி வரைக்கும் போறேன். உங்க சொந்தக்காரங்க யாரும் அறந்தாங்கிக்குக் கிழக்க இல்லையே? சரி. அப்பச் சொல்றேன். இத்தனை மாசமா நெஞ்சுக்குள்ளயே கிடக்குது. இனிமே நாம பாத்துக்கப் போறதில்ல, அதனால சொல்றேன்.

அந்த டின் எனக்கில்லக்கா.

எனக்குப் பாலுக்குக் குறைச்சலே இல்ல. இப்பவும் இல்ல. மிதுனா பொறந்த அன்னைக்கு நர்சம்மாவே சொன்னாக, உனக்கென்னடி, ரெட்டைப் பிள்ளைய வளத்துருவேன்னு. அந்த டின் பக்கத்து வீட்டுக்காரிக்கு. பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். வரிசையா ஓட்டு வீடு, வாடகைக்கு இருக்கோம். எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரே சுவரு. எனக்குப் பொறந்த மாசந்தான் அவளுக்கும் ஆம்பளப் பிள்ளை. அவளுக்குப் பால் ஊறல. பிள்ளை ராத்திரியெல்லாம் கத்தும். சுவத்துக்கு இந்தப் பக்கம் கேக்கும்போது எனக்கு ரவிக்கை நனைஞ்சுரும், அது என்னவோ அப்படி.

அவ புட்டிப் பால் கொடுக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அவ மாமியார் இருக்கே, அது ஒரு பிறவி. “எங்க வம்சத்துல வத்தின மாரே கிடையாது”ன்னு தெருவுக்கே கேக்கச் சொல்லும். மூத்த மருமக ஒருத்திக்கு இதே மாதிரி ஆகி, ராசியில்லாதவன்னு பேரு வச்சு அம்மா வீட்டுக்குத் தொரத்தி விட்டுருச்சு. இவ பயந்துபோய், பால் இருக்கிற மாதிரியே பிள்ளைய மார்ல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. வெறும் மாரு. பிள்ளை வத்திக்கிட்டே வருது.

கொஞ்ச நாள் நானே மத்தியானத்துல பிள்ளைய வாங்கியாந்து பசியமத்தி அனுப்பினேன். அதை விடுங்க. தினமும் பிள்ளை அங்க எதுக்குப் போகுதுன்னு மாமியார்க்காரி மோப்பம் பிடிக்க ஆரம்பிச்சதும் அதுவும் நின்னுபோச்சு. அப்புறந்தான் நர்சம்மாகிட்ட ரகசியமாக் கேட்டு, இன்ன பால்மாவுன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்தா. “நீ டவுனுக்குப் போறப்ப வாங்கியாந்து உன் வீட்டுலயே வையிடி. நான் அப்பப்ப வந்து கலந்து எடுத்துக்கிறேன்”னா.

மருந்துக்கடையில ஒரே கூட்டம். இடுப்புல மிதுனா, அப்ப மூணு மாசம். நான் மெதுவாத்தான் கேட்டேன். கடைக்காரர் காதுல கையை வச்சுக்கிட்டு, “என்னம்மா? சத்தமாச் சொல்லு”ங்கிறார். மறுபடி சொன்னேன். “பால்மாவா? தாய்ப்பால் இல்லையா? எத்தனை மாசம்?”னு மைக் வச்ச மாதிரி கேக்குறார். அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாத்தாக. எனக்குக் கண்ணுல தண்ணி நிறைஞ்சிருச்சு. எனக்கு அப்படித்தான், யாராவது உத்துப் பாத்தாலே கண்ணு நிறைஞ்சிரும். அழுகை இல்ல அது.

அதைப் பாத்துட்டான். பஸ் ஸ்டாண்டுல யாருக்கோ செருப்புக் கொடுத்து வீடியோ எடுத்துட்டு அப்பத்தான் அந்தப் பக்கமா வந்திருக்கான். துணியை உதறினான். உள்ள வந்தான். “அழாதீங்கம்மா, உங்க அண்ணன் நான் வந்துட்டேன்”னான். எனக்குக் கூடப் பொறந்தது ஒரு தம்பிதான்க்கா. இந்த அண்ணன் எங்கேர்ந்து வந்தான்னு எனக்குத் தெரியல.

“குழந்தைக்குப் பால் இல்லையாம்மா?”ன்னு கேக்குறான். குச்சியில இருக்கிற போன் என் மூக்குக்கு நேரா வருது. எனக்கில்லைன்னு சொன்னா, பின்ன யாருக்குன்னு கேப்பாக. கடையில அந்த மாமியார்க்காரியோட தங்கச்சி மாத்திரை வாங்கிக்கிட்டு நிக்குது. நான் தலையை ஆட்டிட்டேன். அவ்வளவுதான். பயந்தாங்கொள்ளி, வாயில வார்த்தை வராம தலையை ஆட்டிட்டேன். வேற ஒருத்தியா இருந்தா அங்கயே நறுக்குன்னு நாலு கேட்டிருப்பா.

மூணு டின் வாங்கி ஒண்ணு மேல ஒண்ணா என் கையில அடுக்கினான். பிள்ளை இடுப்புலேர்ந்து வழுக்குது. “அண்ணனைப் பாத்து ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா”ன்னான். எனக்கு எங்க வருது? அதுக்கு ஒரு சோகப் பாட்டு போட்டு, மெதுவா நடக்கிற மாதிரி பண்ணி, ‘பாலுக்கு ஏங்கும் பச்சிளம் குழந்தை, வார்த்தை இன்றித் தவிக்கும் ஏழைத் தாய்’னு எழுதிப் போட்டான். எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ஏழைத் தாய் நான்தானாம்.

கீழ ஆயிரம் பேர் கும்பிடு போட்டிருந்தாக. ஒருத்தன் மட்டும், ‘பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு, இவ ஏமாத்துக்காரி’ன்னு எழுதியிருந்தான். அவன் மேல எனக்குக் கோவமே வரல. அவன் ஒருத்தன்தான் பிள்ளையப் பாத்திருக்கான்.

இல்லக்கா, புகழ் வேண்டாம்னு முகத்தை மூடிக்கிறான்னு நீங்க சொல்றது சரிதான். அவனும் அதைத்தான் சொன்னான். “நல்லது செய்யறவன் முகம் தெரியக் கூடாதும்மா.” எங்க நாத்தனா பிள்ளைக பாக்குற பொம்மைப் படத்துலயும் ஒருத்தன் வருவான், முகமூடி போட்டு, பறந்து பறந்து. மாடியிலேர்ந்து விழுற பிள்ளையப் பிடிப்பான், தாய்காரி கையில கொடுப்பான், போயிருவான். “நன்றி சொல்லும்மா, கேமராவப் பாரும்மா”ன்னு நிக்க மாட்டான். பொம்மைக்கு இருக்கிற இங்கிதம். இவன் தன் முகத்தை இறுக்கிக் கட்டிக்கிட்டான். என் முகம், என் பிள்ளை முகம், செருப்பில்லாத கிழவர் முகம், எல்லாத்தையும் விரிச்சுக் காயப் போட்டுட்டான். மூணு டின் கொடுத்தவன் கூட ரெண்டு முகமூடியும் சேத்துக் கொடுத்திருக்கலாமே. இதை அவன்கிட்டக் கேட்டேனான்னு கேக்காதீங்க. மனசுக்குள்ள கேட்டேன்.

எங்க வீட்டுக்காரர் கத்தார்ல இருக்காக. ஒரு ரூமுல எட்டுப் பேரு. எல்லார் போன்லயும் நான். “ஏம்ப்பா, பொண்டாட்டிய இப்படிக் கையேந்த விட்டுட்டியே”ன்னு கேட்டிருக்காக. அன்னைக்குக் கூப்பிட்டாக. “பிள்ளைக்குப் பால் வாங்க வக்கில்லாதவனா நான்? எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா உனக்கு?”ன்னு கேட்டாக. சொல்லியிருப்பேன்க்கா, சத்தியமாச் சொல்லியிருப்பேன். ஆனா அந்தப் போன் எப்பவும் ஸ்பீக்கர்லதான் இருக்கும். அடுத்த கட்டில்ல படுத்திருக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க? பக்கத்து வீட்டுக்காரி புருசன். அவனுக்கு ஒண்ணு தெரிஞ்சா அடுத்த நிமிசம் அவன் அம்மாவுக்குத் தெரியும். நான் சும்மா இருந்துட்டேன். “வாயைத் திறக்கிறாளா பாரு”ன்னு வச்சுட்டாக.

அதுக்கப்புறம் என்கிட்டப் பேச்சில்ல. வீடியோ காலுல வருவாக. “மிதுனாக்குட்டி, அப்பாவப் பாரு”ம்பாக. பிள்ளை சிரிக்கும். போனைப் பிடிச்சிருக்கிற கை மட்டும்தான் என்னுது. நான் கையை நீட்டி நீட்டி, என் மூஞ்சி தெரியாம பிடிச்சுக்குவேன். அவுகளும் “நீ சாப்பிட்டியா”ன்னு கேக்க மாட்டாக.

மாமியார் காரைக்குடியில மூத்த மகன் வீட்ல இருக்காக. அங்கேர்ந்து போன் போட்டு, “எங்க குடும்பத்தைச் சந்தி சிரிக்க வச்சுட்டியே, மீனா”ன்னு ஒரு பாட்டம்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து ஒரே அழுகை. “நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்டி. எனக்காக உன் பொழப்பு போகணுமா”ன்னா. நான் அவ வாயைப் பொத்தினேன். நீங்க என்னைப் பெரிய இவளா நினைச்சுராதீங்க. அவளை அம்மா வீட்டுக்குத் தொரத்திட்டா, எனக்குத் தண்ணிக் குடம் தூக்கி விடுறது யாரு? மிதுனாவப் பாத்துக்கிறது யாரு? எல்லாம் என் சுயநலந்தான். அவ பிள்ளை இப்பத் தவழுது. கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி. எங்க மிதுனாவ விட வெயிட்டு. அந்த மாமியார்க்காரி அவனைத் தூக்கி வச்சுக்கிட்டு என் வாசல்ல வந்து நின்னு சொல்லுது: “பாத்தியா, தாய்ப்பால் குடிச்ச பிள்ளை. நீயுந்தான் இருக்கியே.” நான் “ஆமாம்மா, ராசி வேணும்”னேன்.

வெளிய கிளம்பினா இந்தப் புட்டியோடதான் கிளம்புறேன். இதோ பையில இருக்கு பாருங்க. உள்ள இருக்கிறது என் பால்தான், பீச்சி ஊத்தி எடுத்தாறேன். வெளிய உக்காந்து நேராக் கொடுத்தா, அப்ப டின் யாருக்குன்னு ஒருத்தராவது கேப்பாகள்ல? மழைத்தண்ணிய வாளியில பிடிச்சு, குழாய்த் தண்ணின்னு காட்டுற மாதிரி இருக்கு என் கதை.

அந்த வீடியோவ எடுத்துரச் சொல்லிக் கேட்டுப் பாத்தேன்க்கா. போகாம இல்ல. செல்போன் கடைக்கு மேல மாடியில ஆபீஸ் வச்சிருக்கான், ‘நிழல்வீரன் அன்பு இல்லம்’னு போர்டு. படியேறிப் போனா, முகமூடிய மூக்கு வரைக்கும் தூக்கி விட்டுக்கிட்டு உளுந்து வடை தின்னுக்கிட்டிருக்கான். என்னைப் பாத்ததும் இறக்கிக்கிட்டான். உதட்டுல சட்னி அப்படியே உள்ள போயிருச்சு. “சொல்லுங்கம்மா, டின் தீந்துபோச்சா?”

“அந்த வீடியோவ...”ன்னேன். அதுக்கு மேல வரல. அவனே, “எடுக்கணுமா? உங்களைப் பாத்து எத்தனை பேர் உதவ வந்திருக்காங்க தெரியுமா? உங்க ஒருத்தர் கூச்சத்துக்காக அத்தனை குழந்தைங்க பசியோட கிடக்கலாமா?”ன்னான். நல்லாப் பேசுவான்க்கா. கேட்டுக்கிட்டே இருந்தா நம்மளே நம்ம மேல கோவப்படுவோம்.

எனக்கு எங்கேர்ந்து தைரியம் வந்துச்சோ, “அது எனக்கில்லைங்க”ன்னுட்டேன்.

நிமிந்து உக்காந்தான். முகமூடி ஓட்டையில ரெண்டு கண்ணும் பளிச்சுன்னுச்சு. “அப்ப யாருக்கு?” அந்தக் குச்சிக்காரர் அதுக்குள்ள போனை மாட்டிட்டார். “அவங்களைக் கூட்டிட்டு வாங்கம்மா. இல்ல, வீட்டைக் காட்டுங்க, நாங்களே வர்றோம். ‘தோழிக்காகப் பழி சுமந்த தாய்’னு போட்டு, பழைய வீடியோவ எடுத்துடறேன். உங்க பேரு சுத்தமாயிரும். உங்க வீட்டுக்காரரே பெருமைப்படுவார்.”

நான் எங்க வீட்டுக்காரரை நினைச்சேன். பொய் சொல்லல, ஒரு நிமிசம் ரொம்ப நினைச்சேன். போனைத் திருப்பி, “நீ சாப்பிட்டியா”ன்னு கேக்குற மாதிரி. அப்புறம் அந்தக் குச்சி என் பக்கமா நீண்டுச்சு. “எனக்குத்தாங்க. தெரியாம மாத்திச் சொல்லிட்டேன்”னேன்.

“பாவம், கூச்சப்படறாங்க. ஏழைங்களுக்கே உள்ள கூச்சம்”னு குச்சிக்காரர்கிட்டச் சொன்னான். இன்னொரு டின் எடுத்துக் கொடுத்து, அதையும் வீடியோ எடுத்துக்கிட்டான். வாங்கிக்கிட்டேன். பக்கத்து வீட்ல தீர்ற சமயம் அது.

படியிறங்கும்போது குடையை மறந்துட்டேன்னு திரும்பிப் போனேன். புழுக்கம் தாங்காம முகமூடியக் கழட்டி விசிறிக்கிட்டிருந்தான். பாத்துட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஆளுதான். யாருன்னு தெரிஞ்சா எங்க ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். என்ன, யாரா? சொல்ல மாட்டேன்க்கா. அது அவன் முகம். அதை நான் எதுக்குக் காட்டிக்கிட்டுத் திரியணும்?

இப்ப எதுக்குத் திருச்சிக்கா? ஏர்போட்டுக்கு. அவுக வர்றாக. ரெண்டு மாசம் லீவு. என்கிட்டச் சொல்லல, காரைக்குடிக்குச் சொல்லி, அங்கேர்ந்து எனக்குத் தெரிஞ்சுச்சு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு நானாத்தான் கிளம்பிட்டேன். பிள்ளைய வாங்கிக்குவாக. என்னைப் பாப்பாகளா தெரியல.

அது கூடப் பெரிசில்ல. ராத்திரி வீட்டுக்குப் போனா இவ அழுவா, நான் மடியில போட்டுக்குவேன், அவுக கண்ணாலயே பாப்பாக. பாத்தா கேப்பாகள்ல, “பால்தான் இருக்கே, அந்த டின் யாருக்குடி?”ன்னு. உண்மையச் சொல்லலாம். ஆனா லீவு முடிஞ்சா அதே ரூமு, அதே கட்டிலு. எங்க வீட்டுக்காரருக்கு மனசு தங்கம், வாய் மட்டும் நிக்காது. சொல்லாம இருந்தா, இவ நெசமாவே ஏமாத்தித்தான் வாங்கியிருக்கான்னு நினைப்பாக. பஸ் ஏறினதுலேர்ந்து இதுதான் மண்டையக் குடையுது. நீங்க வந்து உக்காந்து பால்சுறாங்கிறீங்க, எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

என்னக்கா? உங்க மகளுக்கா? மூணு மாசமா ஒரு சொட்டு இல்லாம இருந்தவளுக்கா?

இருங்க. மறுபடி சொல்லுங்க. பால்சுறா சாப்பிட்டு, அதுக்கப்புறம் ஊறுச்சா? மூணு மாசம் கழிச்சும் வருமா? எனக்கு வரவேண்டியதில்ல, வரும்னு நாலு பேர் சொன்னாப் போதும்க்கா. ஊரே சொல்லுதே. எங்க மாமியாரே சொல்லியிருக்காகளே. அவுக கேட்டா, ‘அப்ப இல்லைங்க, பால்சுறா சாப்பிட்டேன், அப்புறம் வந்துருச்சு’. ஏன் எனக்குச் சொல்லலைன்னா, ‘கூச்சமா இருந்துச்சு’. அது பொய்யே இல்லையே. பிறந்ததுலேர்ந்து கூச்சந்தானே.

இத்தனை மாசமா ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் இதைத்தான் சொன்னாக, எனக்குத்தான் மண்டையில ஏறல பாருங்க.

இவ முழிச்சுட்டா. இல்லடா, இல்லடா. புட்டி வேண்டாம்க்கா, பையிலயே இருக்கட்டும். கொஞ்சம் இப்படித் திரும்பி உக்காந்துக்கங்க, முந்தானைய இழுத்து விட்டுக்கிறேன். ம். எப்படி இழுக்கிறா பாருங்க, பட்டினி போட்ட மாதிரி.

முன் சீட்டு அம்மா திரும்பிப் பாக்குறாக. என்னங்கம்மா? ஆமாங்கம்மா, அந்த வீடியோவுல வந்தது நான்தான். இல்லங்கம்மா, இப்ப இருக்கு. பால்சுறா சாப்பிட்டேன். வந்துருச்சு.

சிரிச்சுட்டுத் திரும்பிக்கிட்டாக. நம்பிட்டாகளா? குரல் நடுங்கலையே எனக்கு?

கீரனூர் வர்றதுக்குள்ள அந்தப் புட்டு வைக்கிற பக்குவத்தை முழுசாச் சொல்லிருங்கக்கா. மஞ்சள் போட்டு வேக வைக்கணும், தோலை உரிச்சு உதிர்த்துக்கணும், அது வரைக்கும் தெரியும். பூண்டைத் தட்டிப் போடணுமா, முழுசாப் போடணுமா? நான் சுறா ஆக்குனதே இல்ல. யார் சொல்லிக் கொடுத்தான்னு கேட்டா, பஸ்ஸுல ஒரு அக்கான்னு சொல்லிக்கிறேன். உங்க பேரு சொல்ல மாட்டேன்.